நிறத்தில் இழிவில்லை

விளாத்திகுளத்து உழவர் கரிசல் மண்ணின் கருமை கண்டு என்றும் அஞ்சியதில்லை. மழைநீரைத் தன்னுள் தேக்கிப் பருத்திக்கும் மிளகாய்க்கும் ஊட்டும் தாயன்றோ அம்மண்! ஆயின், அதே கருமை ஆடையில் ஏறி மணவீட்டு வாயிலில் நின்றால் முகங்கள் சுளிக்கின்றன.

வெண்மையின் நிலையோ இன்னும் வியப்பு. தலைவர் உடுத்தினால் அது தூய்மை. கைம்பெண் உடுத்தினால் அது துயரம். மேலைநாட்டு மணமகளுக்கு உவகை தரும் வெண்மை, சீனர்க்கு வழிவழியாக இழவின் நிறம். நிறம் உள்ளத்தை இயக்கும் என்பர் உளநூலார். இயக்கட்டும், அவ்வுள்ளத்தை அவ்வாறு பழக்கியதில் பெரும்பங்கு குமுகாயத்தினுடையதே.

ஏற்றிய பொருளை மாற்றவும் இயலும். தமிழர்மேல் சுமத்தப்பட்ட இழிவைக் காட்டவே பெரியாரின் தொண்டர்கள் கருஞ்சட்டை அணிந்தனர். 1946 மே திங்களில் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு கூடியது. 1948இல் அன்றைய சென்னை அரசு கருஞ்சட்டைப் படைக்குத் தடை விதித்தது. தடையால் கருமை ஒழியவில்லை. இழிவைச் சுட்டிய நிறமே தன்மானத்தின் நிறமாயிற்று.

கருமைக்கு வாய்த்த அம்மீட்சி கைம்பெண்ணுக்கும் வாய்க்கட்டும். கணவனை இழந்தவள்மேல் வெள்ளையைப் போர்த்த ஊருக்கு உரிமையில்லை. அவள் விரும்பும் நிறத்தை அவளே தேர்க! அதைத் தடுக்கும் நாவு எவருடையதாயினும், அது தமிழ்ப் பண்பு அறியாத நாவே.