குலைக்கு வண்டி உண்டு, பாட்டிக்கு வெறுங்கையா?

மாணவர்களே, படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தாவையோ பாட்டியையோ தூக்கி உட்கார வைத்திருக்கிறீர்களா? புக்கிட் பெருந்துங்கில் என் வகுப்பில் இதைக் கேட்டபோது பல கைகள் உயர்ந்தன. “அம்மா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், டீச்சர். தினமும் முதுகில் தைலம் தேய்த்துவிடச் சொல்வார்” என்றாள் ஒரு மாணவி.

அந்த வலிக்கான காரணம் இரண்டாம் படிவப் பாடத்திலேயே இருக்கிறது. குனியும்போது நம் உடல் ஒரு நெம்புகோல். கீழ் முதுகெலும்பு அதன் ஆதாரப்புள்ளி. 20 கிலோ பளுவை, அதாவது ஏறக்குறைய 200 நியூட்டனை, 50 செ.மீ. தள்ளித் தாங்கினால் திருப்புத்திறன் 100 நியூட்டன் மீட்டர். அதை ஈடுகட்டும் முதுகுத் தசை முதுகெலும்பிலிருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில்தான் இருக்கிறது. எனவே அது 2,000 நியூட்டன் விசையோடு இழுக்க வேண்டும். பளுவைப்போல் பத்து மடங்கு! இதில் நம் மேலுடலின் எடையைச் சேர்க்கவே இல்லை. இவ்வளவு அழுத்தமும் எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டுகளின் மேல் விழுகிறது.

“முழங்காலை மடக்கித் தூக்கு, வலிக்காது” என்பார்கள். பெட்டிக்கு அது சரி. நோயாளியை நெஞ்சோடு அணைத்துத் தூக்கக் கட்டில் இடம் கொடுக்காது. அவர் திடீரென்று நழுவவும் கூடும். தூக்கும் முறையைக் கற்பிப்பது முதுகுவலியைத் தடுப்பதற்குச் சான்று இல்லை என்று 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஆய்வுத் தொகுப்பு கூறியது. நோயாளியைக் கையால் தூக்க 16 கிலோவே உச்ச வரம்பு என்று அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் பரிந்துரைத்தார். எந்தப் பெரியவர் 16 கிலோ இருப்பார்?

ஆகவே என் கருத்து இதுதான்: தூக்கப் பழகாதீர்கள், தூக்காமல் நகர்த்தப் பழகுங்கள். உராய்வைக் குறைக்கும் வழுக்குத் துணி, உயரத்தை மாற்றும் கட்டில், தூக்கும் கருவி ஆகியவை ஆடம்பரம் அல்ல. தோட்டத்தில் செம்பனைக் குலையை ஏற்ற ஒற்றைச் சக்கர வண்டி கொடுத்தார்கள். மனிதரை நகர்த்துபவருக்கு மட்டும் ஏன் வெறுங்கை? பராமரிப்பு இல்லம் நடத்துவோர் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் நீங்களும் தொடங்கலாம். தனியாகத் தூக்காதீர்கள், இன்னொருவரைக் கூப்பிடுங்கள். பாட்டியால் முடிந்தால், “காலை மடக்கி ஊன்றுங்கள், பாட்டி” என்று சொல்லிவிட்டு நகர்த்துங்கள். இன்றிரவு அம்மாவுக்குத் தைலம் தேய்க்கும்போது இந்தக் கணக்கையும் சொல்லுங்கள். வலிக்குக் காரணம் அவருடைய பலவீனம் அல்ல என்று அவருக்குத் தெரியட்டும்.