செல்ஃப் மாற்றுமுன் சற்றே பொறுங்கள்!

தில்லியில் டிசம்பர், ஜனவரி வந்துவிட்டால், ஆர்.கே.புரமானாலும் மயூர் விஹாரானாலும் நம்மவர் வீடுகளில் காலையில் ஒரு புலம்பல் கேட்கும்: "வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, செல்ஃப் போய்விட்டதாம்." சொன்னவர் மெக்கானிக். சோதித்துப் பார்த்தாரா என்றால் பதில் இருக்காது. புது ஸ்டார்ட்டர் மோட்டார் போட்ட மறுவாரமே வண்டி பழையபடி நின்றுவிடுவதும் உண்டு. சோதிக்காமல் பாகத்தை மாற்றுவது வெறும் யூகம். யூகத்துக்கு நாம் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

குளிரில் பேட்டரியின் திறன் குறையும். இன்ஜின் ஆயிலும் கெட்டியாகும். ஆகவே முதலில் சந்தேகிக்க வேண்டியது பேட்டரியைத்தான். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். விளக்கு மங்கி, 'டக்டக்டக்' என்று சத்தம் வந்தால் கோளாறு பெரும்பாலும் பேட்டரியில். அல்லது பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போன டெர்மினலில். விளக்கு மங்காமல் ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டால் சாலினாய்டையோ மோட்டாரையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, சாவி ஸ்விட்ச், ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மோட்டார் 'விர்'ரென்று சுற்றியும் இன்ஜின் அசையாவிட்டால் பென்டிக்ஸில் கோளாறு இருக்கலாம். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? செல்ஃப் மேல் பழி போடாதீர்கள். பெட்ரோலையும் பிளக்கையும் கவனியுங்கள்.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு. இரவு முழுதும் நின்ற வண்டியில், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். ஸ்டார்ட் செய்யும்போது அது 9.5-க்கும் கீழே இறங்கினால் பேட்டரியைச் சோதிக்கக் கொடுங்கள்.

கோளாறு செல்ஃபில்தான் என்று தெரிந்தாலும் உடனே புதிது வாங்க வேண்டியதில்லை. கழற்றி, நேரடியாக பேட்டரியில் இணைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கார்பன் பிரஷ், புஷ், சாலினாய்டு போன்றவற்றைப் பல மோட்டார்களில் தனியாகவே மாற்றலாம். காஷ்மீரி கேட் கடைகளில் விசாரித்தால் விலையும் தெரியும். புதிது போட்டால் பழையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கழற்றுமுன் பேட்டரியின் நெகடிவ் ஒயரை எடுத்துவிட்டாரா என்றும் கவனியுங்கள். மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயரில் எப்போதும் மின்சாரம் உண்டு. ஸ்பானர் பட்டால் தீப்பொறிதான்.

"இந்தி சரியாக வராது, அவரிடம் எப்படி வாதாடுவது?" என்பார்கள் நம்மில் சிலர். செல்ஃப், பேட்டரி, டெர்மினல், பிரஷ்! கோவைப் பட்டறையில் வழங்கும் அதே சொற்கள்தான் கரோல்பாகிலும். நமக்குக் குறைவது மொழியல்ல, விவரம்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் ஹாண்டில் போட்டுச் சுற்றிய காலம் போய்விட்டது. ஆட்டோமேடிக் வண்டிகளைத் தள்ளியும் ஸ்டார்ட் செய்ய முடியாது. உறவினர் பக்கத்தில் இல்லாத ஊரில், நள்ளிரவில் பெரியவர் ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய வேளையில், சாவியைத் திருப்பிக் கையைப் பிசைந்து நிற்பது இல்லத்தரசியாகவும் இருக்கலாம், கல்லூரி மாணவராகவும் இருக்கலாம். அவர்களும் இதை அறிந்திருக்க வேண்டும்.

நம் சங்கத்தில் இன்ஜினியர்களுக்குப் பஞ்சமில்லை. குளிர்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிறு காலை, இரண்டு மணி நேரம், சங்க வாசலில் நிற்கும் வண்டிகளையே வைத்துக் கற்றுக்கொடுக்கலாமே! பொங்கல் விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் சிறு பங்கு போதும். நிர்வாகக் குழு மனது வைக்குமா?