நிற்கத் தெரிந்த வண்டி

மோட்டார் வண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். எத்தனை குதிரைவலு, எத்தனை விநாடிகளில் நூறு கிலோமீற்றர் வேகத்தை எட்டும் என்பனவே அவர்கள் கேட்கும் கேள்விகள். அந்த வேகத்திலிருந்து வண்டி எவ்வாறு நிற்கும் என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் வேகமாக ஓட்டும் கலையை முறையாகக் கற்றவர் முதலிற் பார்ப்பது எஞ்சினை அன்று, பிறேக்கையே. இதன் காரணத்தை இவ்வாரம் ஆராய்வோம்.

மேல்நாடுகளில் ‘ட்ராக் டே’ என்றொரு வழக்கம் உண்டு. பந்தயம் நடைபெறாத நாட்களிற் பந்தயத் திடலைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். விரும்பியோர் கட்டணம் செலுத்தித் தமது சொந்தக் காரை அங்கே ஓட்டலாம். இங்கிலாந்திலுள்ள சில்வர்ஸ்டன் அத்தகைய திடல்களுள் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அது விமானத்தளமாக இருந்தது. ஜேர்மனியில் 1927ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் திடலின் வடக்குச் சுற்று ஏறக்குறைய 21 கிலோமீற்றர் நீளமானது. அதிலும் குறித்த நாட்களிற் பொதுமக்கள் ஓட்டுவதற்கு இடமுண்டு. இது பந்தயமன்று. பரிசும் இல்லை, வெற்றி தோல்வியும் இல்லை. தன் வண்டியின் இயல்பையும் தன் திறமையின் எல்லையையும், பொதுவீதியிற் செல்லும் பிறருக்கு ஊறு நேராமல் அறிந்துகொள்வதே இதன் நோக்கம்.

நோக்கம் நல்லதே. ஆயினும் அங்கே வரும் கார்கள் வீதிக்கென்று செய்யப்பட்டவை. வீதியில் ஆண்டுக்கணக்காகக் குறையேதும் காட்டாத பிறேக், திடலில் ஐந்தாவது சுற்றிலேயே கைவிட்டுவிடக்கூடும். பிறேக் பழுதாவதனால் மட்டும் இது நேர்வதில்லை. அதன் மேற் சுமத்தப்படும் சுமை பன்மடங்கு பெருகுவதே முதற் காரணம்.

மாணவர்கள் ஒரு சிறு கணக்கைச் செய்து பார்க்கலாம். 1,200 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று மணிக்கு 180 கிலோமீற்றர், அதாவது விநாடிக்கு 50 மீற்றர், வேகத்தில் வருகிறது. அதன் இயக்கசக்தி 1,500 கிலோயூல். வளைவை அடையுமுன் மணிக்கு 72 கிலோமீற்றராக வேகத்தைக் குறைத்தால் எஞ்சுவது 240 கிலோயூல் மாத்திரமே. இடையில் மறைந்த 1,260 கிலோயூல் எங்கே சென்றது? சக்தி அழிவதில்லை என்று பாடநூல் கூறுகிறது. அது வெப்பமாக மாறியது. ஒரு சிறு பங்கைக் காற்றும் ரயரும் ஏற்றுக்கொள்ள, மிகுதி முழுவதும் பிறேக்கையே சேர்ந்தது. நான்கு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதிய வெப்பம் இது. அடுப்பில் நீண்ட நேரம் நடைபெறும் வேலையைப் பிறேக் நான்கைந்து விநாடிகளில் ஏற்றுக்கொள்கிறது. வேகம் இரட்டித்தால் இச்சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

வீதியில் ஒரு முறை பலமாகப் பிறேக் பிடித்தால், அடுத்த முறை பிடிக்கும் வரை அது ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். திடலில் அவ்வாறில்லை. அரை நிமிடத்துக்கு ஒரு வளைவு வரும். முதல் வளைவின் வெப்பம் ஆறுமுன்னரே அடுத்ததன் வெப்பம் வந்து சேரும். மலைப்பாதையில் நெடுந்தூரம் பிறேக்கை மிதித்தபடியே இறங்கும் லொறியிலிருந்து எழும் தீய்ந்த மணத்தை நம்மிற் பலர் அறிவர். திடலில் நிகழ்வதும் அதுவே. ஆனால் மிக விரைவில் நிகழ்கிறது.

வெப்பத்துக்கு வழிவிடுவதே பிறேக் வரலாற்றின் சாரம். பழைய கார்களில் இருந்தவை டிரம் பிறேக்குகள். அவற்றில் உராய்வு மூடிய கலத்தினுள்ளே நிகழ்வதால் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கிற்று. சூடேறிய கலம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் கட்டையை விட்டு விலகவும் செய்தது. சில்லுடன் சுழலும் திறந்த தட்டொன்றை இரு புறமும் இடுக்கிப் பிடிக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பிரெடெரிக் லான்செஸ்டர் 1902இலேயே காப்புரிமை பெற்றிருந்தார். அதன் பெருமையை உலகம் கண்டது 1953இல். அவ்வாண்டு பிரான்சின் லே மான்ஸ் நகரில் நடைபெற்ற 24 மணிநேரப் பந்தயத்தில், டன்லப் நிறுவனத்தின் தட்டுப் பிறேக் பூட்டிய ஜாகுவார் காரில் ரோனி ரோல்ற், டங்கன் ஹமில்ரன் ஆகிய இருவரும் வெற்றி பெற்றனர். அப்பந்தய வரலாற்றில் முதன்முறையாகச் சராசரி வேகம் மணிக்கு நூறு மைலைக் கடந்ததும் அன்றுதான். வளைவை நெருங்கும் போது ஏனையோரினும் பிந்திப் பிறேக் பிடித்தும் நம்பிக்கையோடு திரும்ப முடிந்தமை அவ்வெற்றிக்குப் பெருந்துணை ஆயிற்று. நிற்கத் தெரிந்த வண்டியே விரைந்து ஓடவும் வல்லது என்பது அங்கே விளங்கிற்று.

தட்டுப் பிறேக்கிலும் வெப்பம் இரண்டு இடங்களில் மிகுந்த தீங்கு செய்யும். முதலாவது, தட்டை அழுத்தும் ‘பேட்’ எனப்படும் உராய்வுப் பட்டை. சாதாரணப் பட்டை அளவுக்கு மீறிச் சூடேறினால், அதன் துகள்களைப் பிணைத்திருக்கும் பிசின் சிதைந்து வாயுவாக வெளிப்படும். அப்போது மிதி உறுதியாகவே இருக்கும். எவ்வளவு பலமாக மிதித்தாலும் வண்டி மட்டும் வேகம் குறையாது. இரண்டாவது, மிதியின் அழுத்தத்தைச் சில்லுக்குக் கொண்டு செல்லும் பிறேக் திரவம். அது கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழிகள் தோன்றும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். ஆகவே மிதி மெத்தென்று உள்ளே போகும். ஈற்றில் அடித்தட்டையே தொடும். முன்னையது பட்டையின் குற்றம், பின்னையது திரவத்தின் குற்றம் என்று காலின் உணர்ச்சி கொண்டே அறியலாம்.

எனவே ஆயத்தம் திரவத்திலிருந்து தொடங்கவேண்டும். இதைப் பலர் ‘பிறேக் ஒயில்’ என்று வழங்கினும், பெரும்பாலான கார்களில் இருப்பது எண்ணெயன்று. கிளைக்கோல் சார்ந்த திரவம். தவறுதலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் உள்ளிருக்கும் றப்பர் அடைப்புக்கள் ஊதிப் பழுதாகும். இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் சேரச்சேரக் கொதிநிலை தாழும். அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களத்தின் நியமப்படி, ‘டொட் 4’ வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியசாக இருத்தல் வேண்டும். நூற்றுக்கு 3.7 பங்கு நீர் கலந்தபின் 155 பாகையாக இருந்தாலே போதுமென்று அதே நியமம் ஏற்கிறது. சிறிதளவு நீரினால் எத்துணை வீழ்ச்சி! ஆதலால் திடலுக்குச் செல்லுமுன் பழைய திரவத்தை முற்றாக நீக்கி, அப்போதே திறந்த புதிய போத்தலிலிருந்து நிரப்புதல் வேண்டும். கொதிநிலை 300 பாகையைக் கடந்த பந்தயத் திரவங்களும் விற்பனைக்கு உண்டு. அவற்றை அடிக்கடி மாற்றவேண்டும். வண்டியின் கைந்நூல் அனுமதிக்கும் வகையையே தேர்ந்து, நான்கு சில்லுகளிலும் கைந்நூல் கூறும் ஒழுங்கிற் காற்றெடுத்தல் அவசியம். காற்றெடுக்கும் வேளையில் மேலுள்ள கிண்ணம் வற்றினால் மீண்டும் காற்றுப் புகுந்துவிடும். திரவம் வண்டியின் வர்ணத்தையும் அரிக்கும். சிந்தினால் உடனே நீரினாற் கழுவவேண்டும்.

அடுத்தது உராய்வுப் பட்டை. திடலுக்கேற்ற பட்டை உயர்ந்த வெப்பத்தைத் தாங்கும். ஆயினும் கடும் பந்தயப் பட்டைகள் சூடேறிய பின்னரே நன்றாகப் பிடிக்கும். குளிர்ந்த காலையில் வீட்டு வாயிலிலிருந்து புறப்படுகையில் ஏமாற்றிவிடக்கூடும். அதே காரைப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லவும் பயன்படுத்துவோர் இதை நன்கு எண்ணவேண்டும். அவர்களுக்கு இரண்டுக்கும் இடைப்பட்ட வகையே ஏற்றது. தேய்ந்து மெலிந்த பட்டையோடு செல்லலாகாது. மெலிந்த பட்டை வெப்பத்தை விரைவில் திரவத்துக்குக் கடத்தும். புதிய பட்டையையும் பூட்டியவுடன் கடுமையாக உபயோகித்தல் தகாது. வெறுமையான இடத்தில், வண்டியை முற்றாக நிறுத்தாமல், வேகத்தைப் பல முறை படிப்படியாகக் குறைத்துச் சூடேற்றி, பின்னர் பிறேக்கைத் தொடாமற் சிறிது தூரம் ஓட்டி ஆறவிடவேண்டும். இவ்வாறு பழக்கினாற் பட்டையும் தட்டும் ஒன்றோடொன்று இசையும்.

தட்டின் குறைந்தபட்சத் தடிப்பு பெரும்பாலும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். விளிம்புவரை ஓடிய வெடிப்பு ஒன்று கண்டாலும் அத்தட்டைத் தள்ளிவிடவேண்டும். அழகுக்கென்று துளையிட்ட தட்டுக்களை வாங்குவோர், கடும் வெப்பத்தில் அத்துளைகளிலிருந்தே வெடிப்புத் தொடங்குவது உண்டு என்பதை அறிந்து வாங்குக. சில்லோரத்திலுள்ள றப்பர்க் குழாய்களை வளைத்துப் பார்த்து, வெடிப்போ கசிவோ இருப்பின் புதியன பூட்டுக. முன்புறக் காற்றைத் தட்டின் நடுப்பகுதிக்குச் செலுத்தும் குழாய் அமைப்பதும் பெரும் பயன் தரும்.

இனி ஓட்டுபவரின் கடமை. முதற் சுற்றை மெதுவாக ஓட்டிச் சூடேற்றுக. பின்னர் சில சுற்றுக்கள் மட்டும் வேகமாக ஓட்டுக. கடைசிச் சுற்றிற் பிறேக்கை இயன்றவரை தொடாமல், காற்றினால் ஆறவிட்டு வருக. நிறுத்தியபின் கைப்பிறேக்கை இழுத்தல் வேண்டாம். சூடேறிய பட்டை தட்டை ஓரிடத்தில் அழுத்தி நிற்றல் நன்றன்று. கியரில் விட்டு, சில்லுக்கு ஒரு கட்டையை அண்டைகொடுத்தாற் போதும்.

இவை யாவற்றுக்கும் ஆகும் செலவு, எஞ்சினின் வலுவைக் கூட்டுவதற்குச் சிலர் கொட்டும் பணத்தில் ஒரு சிறு பங்கே. எனினும் இளைஞர் பலர் முதற் பணத்தை எஞ்சினுக்கே அளிக்கின்றனர். வலுவைக் கூட்டியவன் நேர்பாதையின் முடிவில் தான் திருப்பிச் செலுத்தவேண்டிய கடனையும் கூட்டியவனாகிறான். அக்கடனை அவன் சார்பில் தீர்ப்பது பிறேக் ஒன்றே. அது தீர்க்காவிடின், திடலின் ஓரத்திலுள்ள மதிலோ அடுத்த வண்டியில் இருக்கும் மனிதனோ தீர்க்க நேரும்.

ஆகையால் இவ்வொன்றை மட்டும் மனத்திற் கொள்க: மிதி வழக்கத்தினும் சிறிது ஆழமாகச் சென்றாற்கூட, அடுத்த சுற்றைப் பார்த்துக்கொள்வோம் என்று எண்ணாமல் உடனே வேகத்தைக் குறைத்து, ஏனையோருக்கு வழிவிட்டு, மெதுவாகத் திடலை விட்டு வெளியே வருக. அன்றைய கட்டணம் வீணாகலாம், நண்பர்கள் நகைக்கலாம். பிறேக் ஆறியபின் திரவத்தை மாற்றி மற்றொரு நாள் ஓட்டலாம். மாலையில் வீட்டுக்குத் திரும்பி வருவதை உறுதிசெய்த பின்னரே வேகம் ஒரு விளையாட்டாகும்.