உச்சியில் தட்டினால் உயிர் வருமா?

உண்ணும்போது ஒருவருக்குப் புரையேறினால் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள்? உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்கிறார்கள். இருமக் கூடியவருக்கு அதனால் கேடில்லை, தாமே தேறிவிடுவார். இருமவும் பேசவும் இயலாமல், சக்கர நாற்காலியில் சாய்ந்தபடியே நீலம் பாரிக்கும் பிள்ளைக்கு? மூளை முடக்குவாதம் உற்றோர் பலருக்கு விழுங்குவதே போராட்டம். அவர்கள் வாழும் காப்பகத்தில் ஒரு கவளம் சோறே கூற்றுவனாகிவிடுகிறது.

மூச்சு நின்ற நான்கைந்து நிமிடங்களில் மூளை கெடத் தொடங்கும். 2008 முதல் தமிழகத்தில் 108 வண்டி ஓடுகிறது. எத்தனையோ உயிர் காத்த வண்டி, மறுப்பாரில்லை. ஆயினும் கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூருக்கு நான்கு நிமிடத்தில் எந்த வண்டி வந்து சேரும்? அந்நேரத்தில் காக்க வல்லவர் சோறூட்டும் ஆயா ஒருவரே.

அந்த ஆயாவுக்குக் கற்றுக்கொடுத்தோமா? சக்கரத்தைப் பூட்டி, உடலை முன்னே சாய்த்து, மார்பைத் தாங்கியபடி, தோள்பட்டைகளின் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டவேண்டும். அடைப்பு விலகாவிடில், பின்புறமிருந்து கைகளைக் கோத்துத் தொப்புளுக்கு மேலே, உள்ளும் மேலுமாக ஐந்து முறை அழுத்தவேண்டும். அமெரிக்க மருத்துவர் ஹைம்லிக் 1974இல் உலகுக்குச் சொன்ன முறை இது. கைக்குழந்தைக்கு இது ஆகாது. அடைப்பு நீங்கும்வரை இரண்டையும் மாறி மாறிச் செய்யவேண்டும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி மார்பை அழுத்தவேண்டும். தண்ணீர் ஊற்றுவதும், தொண்டைக்குள் விரல்விட்டுத் துழாவுவதும் கேடு. வலிப்பு கண்டவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் எச்சில் வெளியேறி மூச்சுவழி திறந்திருக்கும். நம்மவரோ கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார்கள். சாவி பூட்டைத் திறக்கும், தோழர்களே, மூச்சைத் திறக்குமா?

தென்பெண்ணைக் கரையில் மூங்கில்துறைப்பட்டின் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை அறிவீர்கள். ஆலைகளில் 150 தொழிலாளர்க்கு ஒரு முதலுதவிப் பெட்டியேனும் வேண்டும், சான்றிதழ் பெற்ற ஒருவர் அதற்குப் பொறுப்பாக வேலைநேரம் முழுதும் அருகிருக்கவேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. இயந்திரத்தருகே நிற்பவர்க்கு அன்றே எழுதப்பட்ட காவல், எழுந்து நிற்கவே இயலாதவர்க்கு எழுதப்பட வேண்டாமா?

2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடிக் காப்பகத்தில் மூண்ட தீ, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேரின் உயிரைக் குடித்தது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நிறுவனங்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது, நல்லது. இரவுப் பணியாளர் உட்பட அனைவரும் இப்பயிற்சி பெற்றாரா என்று பார்த்தபிறகே அப்பதிவைப் புதுப்பிக்கவேண்டும். செலவை அரசு ஏற்கட்டும். ஆயாவின் சொற்பக் கூலியில் கைவைக்க வேண்டாம்.

தலைவர்களின் பிறந்தநாளில் காப்பகம் சென்று உணவுப் பொட்டலம் வழங்கிப் படமெடுத்துத் திரும்புகிறோம். விழுங்க இயலாதவர்க்கும் அதே பொட்டலந்தான்! அடுத்தமுறை செல்லும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: இரவில் எத்தனை பேருக்கு ஒருவர் காவல்? அவருக்கு இம்முறை தெரியுமா? விடையை எழுதி, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள்.