இன்று அதில் என்ன செய்தாய்?

2026 ஜனவரி முதல் சிங்கப்பூர் உயர்நிலைப்பள்ளிகளில் திறன்பேசிக்கும் திறன்கடிகாரத்துக்கும் பள்ளி நேரம் முழுவதும் தடை. பாடவேளையில் மட்டுமல்ல, இடைவேளையிலும் இணைப்பாட நடவடிக்கைகளின்போதும் அவை புத்தகப்பையிலோ பள்ளி ஒதுக்கிய இடத்திலோ கிடக்கவேண்டும். ஆனால் அதே மாணவரின் மேசைமீது ஒரு ஐபேடோ குரோம்புக்கோ திறந்திருக்கிறது. அதைப் பள்ளிதான் வாங்கச் சொன்னது. “ஒரு திரையைப் பூட்டிவைக்கச் சொல்கிறார்கள், இன்னொரு திரையைத் திறக்கச் சொல்கிறார்கள். இது என்ன கணக்கு?” என்று பெற்றோர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

இந்தச் சாதனம் பள்ளிக்கு எப்படி வந்தது என்று பார்த்தால் கணக்கு கொஞ்சம் புரியும். 2020 தொடக்கத்தில் கல்வி அமைச்சு அறிவித்த திட்டப்படி, உயர்நிலைப்பள்ளி மாணவர் அனைவரும் ஆளுக்கொரு கற்றல் சாதனம் பெற 2028 வரை ஆகும் என்றிருந்தது. அதற்குள் கொவிட்-19 வந்தது. 2020 ஏப்ரல் 8ஆம் தேதி எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருந்தே படிக்கத் தொடங்கினார்கள். சில வீடுகளில் ஆளுக்கொரு கணினி இருந்தது. சில வீடுகளிலோ மூன்று பிள்ளைகளுக்கு ஒரே கைத்தொலைபேசி. அந்த இடைவெளியைப் பார்த்த பிறகு திட்டம் ஏழாண்டு முன்னுக்கு வந்தது. 2021க்குள் உயர்நிலை மாணவர் எல்லாருக்கும் சாதனம் கிடைக்க ஏற்பாடானது. எடுசேவ் கணக்கிலிருந்து பணம் செலுத்தலாம். வசதி குறைந்த குடும்பங்களுக்குக் கூடுதல் உதவியும் உண்டு.

ஆகவே இது ஆடம்பரத்துக்காக வந்த பொருளன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைப்பது மற்றப் பிள்ளைக்கும் கிடைக்கவேண்டும் என்பதற்காக வந்தது. சொந்தத் திறன்பேசியைப் போல அதை நினைத்தபடி பயன்படுத்தவும் முடியாது. அதில் உள்ள நிர்வாக மென்பொருள் வேண்டாத இணையத்தளங்களைத் தடுக்கும். வகுப்பில் மாணவரின் திரையில் என்ன ஓடுகிறது என்பதை ஆசிரியர் தம் இடத்திலிருந்தே பார்க்கலாம். இரவு 11 மணிக்கு உறங்கப்போன சாதனம் இந்த ஆண்டிலிருந்து 10.30 மணிக்கே உறங்கிவிடுகிறது.

ஆனால் தடுப்பதும் பூட்டுவதும் பாதி வேலைதான். தவறானதைத் தடுத்துவிட்டால் மட்டும் நல்லது தானாக நடந்துவிடாது. அச்சிட்ட பயிற்சித்தாளை அப்படியே திரையில் ஏற்றி, கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிள்ளைக்கு என்ன லாபம்? தாள் மிச்சமாகும், அவ்வளவுதான். தாளும் பேனாவும் செய்யமுடியாத ஒன்றைச் செய்யும்போதுதான் சாதனத்துக்குச் செலவிட்ட பணத்துக்குப் பொருள் உண்டு.

தமிழ் வகுப்பில் அப்படி ஒன்று இருக்கிறது. பேச்சு.

ஒரு மணி நேரப் பாடம், வகுப்பில் 20 மாணவர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயே திறக்காமல் நேரம் முழுவதையும் பிள்ளைகளுக்கே கொடுத்தாலும், ஆளுக்கு மூன்று நிமிடம்தான் பேசக் கிடைக்கும். உண்மையில் அதில் பாதிகூடக் கிடைக்காது. கையை உயர்த்தும் நான்கைந்து பேரே பேசுவார்கள். கூச்சப்படும் பிள்ளை வாரக்கணக்கில் வாய் திறக்காமலே தப்பித்துக்கொள்ளும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் 59.2 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். பல பிள்ளைகளுக்கு அந்த மூன்று நிமிடத்தை விட்டால் தமிழ் பேச நாள் முழுவதும் வேறு வாய்ப்பே இல்லை.

அதே வகுப்பில் 20 பேரும் ஆளுக்கொரு மூலையில் நின்று, ஒரு படத்தைப் பார்த்து இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்கிறார்கள் என்றால், இரண்டே நிமிடத்தில் 20 பேரும் பேசியாகிவிடுகிறது. 2018 முதல் பள்ளிகளில் பயன்பாட்டில் இருக்கும் மாணவர் கற்றல் தளத்தில் அந்தக் குரல்பதிவை ஏற்றிவிட்டால், ஆசிரியர் பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டுக் கருத்துச் சொல்லலாம். அதைவிட முக்கியம், பிள்ளை தன் குரலைத் தானே கேட்கிறது. ‘பழம்’ என்று சொன்னதாக நினைத்தது ‘பலம்’ என்று காதில் விழும்போது, வேறு யாரும் திருத்தாமலே மறுபடியும் பதிவு செய்கிறது. நண்பர்கள் சிரிப்பார்களே என்ற பயமும் இல்லை. ஒரே பத்தியை ஐந்து முறை பேசிப் பார்க்கிற பொறுமை வகுப்பில் வராது. தனியே இருக்கும்போது வரும்.

இரண்டாவது, எழுத்து. நம் பிள்ளைகள் தமிழில் செய்தி அனுப்புவதாக நினைத்து ஆங்கில எழுத்துகளில்தான் அனுப்புகிறார்கள். நாமும் அப்படித்தானே? சாதனத்தில் தமிழ் விசைப்பலகை இல்லை என்று இன்று யாரும் சொல்லமுடியாது. 1997இல் தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு நடந்தது இதே சிங்கப்பூரில். அதற்கு முன்னின்றவர் இங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த நா. கோவிந்தசாமி. கைத்தொலைபேசியில் தமிழ் எழுத உதவிய ‘செல்லினம்’, மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது. 2005இல் அது முதலில் வெளிவந்ததும் இங்கேதான். 2013இல் ஐபேடிலேயே தமிழ் விசைப்பலகை சேர்ந்துவிட்டது. நம் ஊர்க்காரர்கள் போட்டுக்கொடுத்த பாதையில் நம் பிள்ளைகள் நடக்கவில்லை என்பதுதான் குறை.

1999இல் ஏற்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகையை ஒருமுறை தட்டிப் பாருங்கள். ‘க’வைத் தட்டி ‘ஆ’வைத் தட்டினால் ‘கா’ வரும். ‘அ, ம, ம, ஆ’ என்று நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ வந்துவிடும். புள்ளி தானாக விழும். மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதை, பிள்ளையின் விரல் ஒவ்வொரு சொல்லிலும் செய்து பார்க்கிறது. ஆங்கில எழுத்தில் தட்டிவிட்டு, பரிந்துரையில் வரும் முதல் சொல்லைத் தொடும் பிள்ளைக்கு அது ‘வலி’யா, ‘வழி’யா, ‘வளி’யா என்று யோசிக்க வேலையே இல்லை. கையால் எழுதுவதை இது எதுவும் ஈடுசெய்யாது. தொடக்கநிலைப் பிள்ளைக்குப் பென்சில்தான் முதலில். எழுத்து கைவந்த பிறகு விசைப்பலகை வரட்டும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியது என்ன? பள்ளி நேரத்துக்குப் பிறகு சாதனம் எப்படி இயங்கவேண்டும் என்பதில் பெற்றோருக்குத் தெரிவுகள் உண்டு. பள்ளியின் அமைப்பையே தொடரலாம், வீட்டு வழக்கத்துக்கேற்ப மாற்றவும் செய்யலாம். அதற்கான படிவத்தைப் படிக்காமல் விட்டவர்கள் இந்த வாரம் எடுத்துப் படியுங்கள். சாதனம் படுக்கையறைக்குப் போகாமல் கூடத்திலேயே மின்னூட்டம் பெறட்டும். பெரியவர்களின் கைத்தொலைபேசியும் அதன் பக்கத்திலேயே இருந்தால், சொல்லும் சொல்லுக்கு மரியாதை கூடும்.

அடுத்து, நாம் கேட்கும் கேள்வியை மாற்றலாம். “எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பாய்?” என்று கேட்டால் “இதோ முடிந்தது” என்ற பதில்தான் வரும். “இன்று அதில் என்ன செய்தாய், காட்டு” என்று கேளுங்கள். பதிவு செய்த பேச்சையோ தட்டிய பத்தியையோ எடுத்த படத்தையோ காட்டினால், பத்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், கேளுங்கள். காட்ட ஒன்றுமே இல்லையென்று வாரம் முழுவதும் பதில் வந்தால், பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணோடு அதையும் கேளுங்கள். அப்படிக் கேட்கும் பெற்றோரை நல்ல ஆசிரியர் வரவேற்பார்.

இந்த வார இறுதியில் ஒன்று செய்து பார்க்கலாம். தாத்தாவோ பாட்டியோ அருகில் இருந்தால், பேரப்பிள்ளை அவரிடம் மூன்றே கேள்விகள் கேட்கட்டும்: எந்தப் பள்ளியில் படித்தீர்கள், எப்படிப் போவீர்கள், எதற்காக அடி வாங்கினீர்கள்? பதிலை அந்தச் சாதனத்திலேயே பதிவு செய்து, அதில் ஐந்து வரியைத் தமிழில் தட்டட்டும். புரியாத சொல் வந்தால் நிறுத்திக் கேட்கட்டும். பாட்டிக்குச் சொல்ல நிறைய இருக்கும்; கேட்கத்தான் இதுவரை ஆளில்லை.