கறுப்புக் காரும் காலை வெய்யிலும்

மோட்டார்க் கார் வைத்திருப்போரை இரு வகையினராகப் பிரிக்கலாம் என்பது எமது நெடுநாளைய எண்ணம். அன்றாடம் துடைப்போர் ஒரு வகை. நாளைக்குத் துடைக்கலாம் என்போர் மறு வகை. நாம் முதல் வகையைச் சேர்ந்தவர் என்று செருக்குற்றிருந்தோம். மாமனார் விட்டுச் சென்ற கறுப்பு மொறிஸ் மைனரைப் பழைய வேட்டித் துண்டொன்றினால் துடைத்த பின்னரே கல்லூரிக்குப் புறப்படுவது எமது வழக்கம். அச்செருக்குச் சென்ற ஆவணியிலே அடங்கிற்று.

கனடாவிலிருந்து மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். மகளுக்குத் திருமணம். "அப்பப்பாவின்ர காரிலைதான் கோயிலுக்குப் போவன், மாமா. வேறை ஒண்டும் வேண்டாம்" என்று பெண் ஒரே பிடியாக நின்றாள். மைத்துனர் உடனே காரை ஒரு கராச்சுக்கு அனுப்பி 'கட் அண்ட் பொலிஷ்' செய்வித்தார். மாலையிலே திரும்பி வந்த கார் கொட்டிலின் நிழலில் நின்று கண்ணாடிபோல மின்னிற்று. அனைவரும் மகிழ்ந்தோம்.

மறுநாட் காலை வெய்யிலுக்கு எடுத்தபோது மகிழ்ச்சி மறைந்தது. பொனற்றின்மேல் சூரியனுடைய பிம்பத்தைச் சூழச் சிலந்தி வலை விரித்தாற்போல வட்ட வட்டமான கீறல்கள். அவற்றின்மீது, கண்ணாடியில் மூச்சு விட்டாற்போலச் சாம்பல் நிறமான ஒரு மங்கல். மங்கலினூடே, ஈர்க்குமாற்றால் பெருக்கிய முற்றம்போல வளைந்து வளைந்து செல்லும் பட்டைகள். திருமணத்துக்கு இன்னும் ஒன்பது நாட்களே இருந்தன.

"விடு மச்சான், முழுக்கச் சுரண்டிப் புதுசாய்ப் பெயின்ற் அடிச்சுவிடுவம்" என்றார் மைத்துனர். மாமியார் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

அவருடைய மௌனத்தின் காரணம் எமக்குத் தெரியும். 1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, மாமனார் இக்காரின் கூரையிலே தையல் இயந்திரத்தையும் அரிசி மூட்டையையும் கயிற்றால் வரிந்து கட்டி, மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றார். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க அவர்களுக்கு விடிந்துவிட்டது. அன்று கயிறு அராவிய தடம் கூரையின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது. புதுப் பெயின்ற் அடிப்பவர் அதனைப் பட்டி பூசி அடைத்தல்லவோ அடிப்பார்?

அப்பொழுதுதான் பழைய மாணவன் ஒருவன் எமது நினைவுக்கு வந்தான். ஒளித்தெறிப்புப் பாடத்திலே எம்மிடம் ஓயாது ஏச்சு வாங்கியவன். இன்று கார்களுக்கு மெருகிடுவதையே தொழிலாகக் கொண்டவன். வந்தான், சுற்றிப் பார்த்தான். கதவின் அடிப்புறத்தில் சிறிது மெருகு மருந்தைத் தொட்டுத் தேய்த்துத் துணியை எம்மிடம் காட்டினான். துணி கறுத்திருந்தது.

"சேர், இதுக்கு மேலை கிளியர் கோட் இல்லை. வாறது பெயின்ற்தான்."

இக்காலக் கார்களிலே நிறப்பூச்சின்மேல் நிறமற்ற படையொன்று உண்டு. தேய்த்தால் தேய்வது அது. துணியில் நிறம் ஏறாது. அடிப்பூச்சு முதல் மேற்பூச்சு வரை எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்கிரோன்தான். நிறமற்ற படை அதில் 40, 50 மைக்கிரோன். ஓர் எழுதுதாளின் கனமே ஏறக்குறைய 100 மைக்கிரோன் என்பதை எண்ணிப் பார்க்க. குத்துவிளக்கைப் புளியிட்டு விளக்குவது போன்றதன்று இவ்வேலை. புளியின் அமிலம் களிம்பைக் கரைக்கிறது. மெருகு மருந்தோ கீறலின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள பூச்சையே அராவி இறக்குகிறது. கீறல் 'மறைவது' அவ்வாறுதான்.

வட்டமாகத் தெரியும் கீறல்கள் உண்மையில் வட்டமானவை அல்ல. குறுக்கும் நெடுக்குமாகவே கிடக்கின்றன. ஒளியின் பிம்பத்தைச் சுற்றிவரும் போக்கிலே கிடப்பவை மாத்திரம் ஒளியைக் கண்ணுக்குத் திருப்புகின்றன. தலையை அசைத்தால் வலையும் உடன் நகர்வதைக் காணலாம். வெள்ளைக் காரிலும் இதே கீறல்கள் உண்டு. ஆனால் வெள்ளைப் பூச்சு உட்புகுந்த ஒளியையும் நாற்புறமும் சிதறித் திருப்பி அனுப்புவதால் அவை அவ்வெளிச்சத்துள் அமிழ்ந்துவிடும். கறுப்போ உட்புகுந்ததை விழுங்கிவிடுகிறது. மேற்பரப்புத் திருப்பி அனுப்புவதையே நாம் காண்கிறோம்.

இக்கீறல்களை இட்டவர் யார் என்று வினவினோம். "காலமை காலமை வறட்டுத் துணியாலை துடைச்சது ஆர், சேர்?" என்றான். செம்மண் தூசியின்மேல் வறட்டுத் துணி அரத்தாளுக்குச் சமம். நாம் தலை குனிந்தோம். மங்கலும் பட்டைகளும் மட்டும் கராச்சுக்காரரின் உபயம். கம்பளி உறை பூட்டிய, ஒரே அச்சிற் சுழலும் பொறியால் கரட்டு மருந்தைத் தேய்த்தவர், அம்மருந்து இட்ட நுண்கீறல்களை நுண்ணிய மருந்தால் எடுக்காமல் எண்ணெய்ப் பசையுள்ள மெழுகினால் மூடிவிட்டார். நிழலில் மின்னியது அம்மெழுகே.

ஆகவே மங்கலுக்கு மருந்து இன்னும் வலிய தேய்ப்பு அன்று, மெல்லிய தேய்ப்பே. முதலில் நீரை ஊற்றித் தூசியை ஓடவிட்டான். பின்பு இரண்டு வாளி வைத்துக்கொண்டான். ஒன்றிற் சவர்க்கார நீர், மற்றதில் துணியை அலசும் நீர். எமது கிணற்று நீர் சுண்ணாம்பு மிக்கது; காயவிட்டால் வெண்புள்ளி இடும் என்று உடனேயே ஒற்றித் துவட்டினான். பூச்சு மிக மெல்லியதாய் இருக்கும் விளிம்புகளிலும் வளைவு முனைகளிலும் காகித நாடா ஒட்டினான். பொனற்றிலே இரண்டடிச் சதுரம் ஒன்றை மாத்திரம் பரீட்சித்தான். மென்மையான ஸ்பொஞ்சு, நுண்ணிய மருந்து நான்கு துளி, சுழல்வதோடு நடுங்கியும் அசையும் பொறி. அவசரமின்றிக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை. முடிந்ததும் நீர் கலந்த அற்ககோலினால் துடைத்து, வெய்யிலில் எம்மைப் பார்க்கச் சொன்னான். எண்ணெய் போன பின்னும் சூரியன் தெளிவாகத் தெரிந்தால்தான் வேலை நடந்தது என்று பொருள். தெரிந்தது. பழைய பூச்சுக்கு அற்ககோல் ஆகுமோ என்பதையும் அவன் முன்னரே மறைவிடத்திற் பார்த்திருந்தான். எம்மிடம் பாடம் கேட்ட காலத்தில் இந்த நிதானத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தானோ!

வெய்யில் ஏறித் தகடு சுட்டால் மருந்து உலர்ந்துவிடும். ஆதலால் காலைப் பொழுதில் மட்டும் கொட்டிலினுள்ளே மின்சூளுடன் மூன்று நாள் உழைத்தான். சில ஆழ்ந்த கீறல்களை அப்படியே விட்டுவிட்டான். மைத்துனருக்கு அது உவப்பில்லை.

"காசு கூடக் கேட்டாலும் தாறன் தம்பி. அந்தக் கூரைத் தடத்தையும் எடுத்துவிடும்" என்றார்.

"ஏலாது ஐயா. அது நல்ல ஆழம். அதிலை கை வைச்சால் அடிப்பூச்சு வெளிச்சிடும். அது அங்கை கிடக்கட்டும்."

பூச்சின் கனத்தைத் தவிர வேறொன்றையும் அவன் எண்ணியிருக்க நியாயமில்லை. கதவடியில் நின்ற மாமியார் உள்ளே சென்று அவனுக்குத் தேநீரும் இரண்டு பயற்றம் பணியாரமும் கொண்டுவந்து வைத்தார். அதுவரை அவனுக்குக் கிடைத்தது வெறுந்தேநீரே.

திருமண நாட் காலையில் வெய்யில் நன்றாகவே எறித்தது. பொனற்றிலே வானமும் வாசலில் நாட்டிய வாழையும் தெளிவாகத் தெரிந்தன. பெண் ஏறுவதற்குச் சற்று முன்பு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பொனற்றில் விழுந்திருந்த தூசியைக் கண்டு, அன்போடு தமது சால்வையை எடுத்துத் துடைக்கக் குனிந்தார். நாமும் மைத்துனரும் மாமியாரும் ஒருங்கே கூவிய கூவலில் மேளகாரர் வாசிப்பை நிறுத்திவிட்டார்.