முன்பக்கம் வெண்ணெய், பின்பக்கம் பாமாயில்

மும்பைக்குப் பிழைக்க வந்த நம்மவர்களில் எத்தனை பேருக்குக் காலையில் இட்லி கிடைக்கிறது? பெரும்பாலோருக்கு ஒரு கிளாஸ் டீயும் இரண்டு பாவும்தான் காலை ஆகாரம். ஷிப்டு முடிந்து திரும்பும்போது நாலு காரி அல்லது டோஸ்ட். பிள்ளையின் பள்ளிக்கூட டப்பாவில் க்ரீம் பிஸ்கட். வசதியுள்ளவர் வீட்டில் பேக்கரிப் பண்டம் கொறிப்பதற்கு. நம் வீட்டில் அது வயிற்றை நிரப்புவதற்கு. ஆகவே அதில் என்ன சேர்கிறது என்று கேட்க மற்றவரைவிட நமக்கே அதிகக் காரணம் உண்டு.

முதலில் மைதா. கோதுமையிலிருந்து தவிட்டையும் முளையையும் நீக்கிய பிறகு மிஞ்சுவதே மைதா. சத்துள்ள தவிடு மாட்டுத் தீவனத்துக்குப் போகிறது. சத்துக் குறைந்த வெள்ளை மாவு மனிதனுக்கு வருகிறது. இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இந்த மைதாவைக் கோதுமை என்றும் வெண்ணெய் என்றும் பால் என்றும் பெயர் மாற்றி விற்கிறார்களே, அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

மளிகைக் கடையில் ஏதாவது ஒரு 'பட்டர்' பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானது முதலில் வரும்படி வரிசையாக அச்சிட வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலும் மைதா, சர்க்கரை, பாமாயில் என்றுதான் அந்த வரிசை தொடங்கும். வெண்ணெய் எங்கோ கடைசியில் ஒண்டிக்கொண்டிருக்கும். முன்பக்கத்தில் ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டினால் அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்று பின்பக்கம் சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சொல்லத்தான் செய்கிறார்கள், எறும்பு எழுத்தில். நூற்றுக்கு ஐந்து பங்கு கூடத் தேறாத வெண்ணெய்க்கு முன்பக்கத்தில் மஞ்சள் கட்டியாகப் படம் வேறு!

க்ரீம் பிஸ்கட்டின் நடுவில் இருப்பது பாலேடு அல்ல. சர்க்கரையும் தாவர எண்ணெய்க் கொழுப்பும் வாசனையும் சேர்ந்த பசை. கேக்கில் சிவப்பும் பச்சையுமாக மின்னும் டூட்டி புரூட்டி பல பழங்களின் கலவை என்று பிள்ளைகள் நினைக்கின்றன. பச்சைப் பப்பாளிக் காயைச் சர்க்கரைப் பாகில் போட்டுச் சாயம் ஏற்றினால் அது தயார். பிரவுன் பிரெட்டின் நிறமும் தவிட்டால் மட்டும் வருவதல்ல. கேரமல் என்னும் நிறமியைச் சேர்த்தாலும் வரும். பட்டியலில் 150 என்ற எண்ணைக் கண்டால் அதுதான்.

டீக்கடைப் பாட்டில்களில் இருக்கும் காரியும் ஜீரா பட்டரும் வேறு ரகம். காரியின் அடுக்குகள் பிரிய நிறையக் கொழுப்பு வேண்டும். வெண்ணெய் போட்டால் விலை எட்டாது என்பதால் வனஸ்பதி போட்டார்கள். எண்ணெயை இறுகச் செய்யும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு இருதயத்துக்குக் கேடு என்பது இன்று ஐயத்துக்கு இடமில்லாத விஷயம். உணவுப் பண்டத்திலுள்ள எண்ணெய், கொழுப்பில் இது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. நல்ல விதிதான். ஆனால் சந்துக்குள் இருக்கும் அடுப்பறையில் எந்த டின் திறக்கப்படுகிறது என்று யார் பார்க்கிறார்கள்?

விதி வந்தால் என்ன ஆகும், வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பொட்டாசியம் புரோமேட்டின் கதை ஒன்று போதும். மாவைப் புளிக்க வைத்து ரொட்டி உப்புவதற்கு நேரம் வேண்டும், நல்ல மாவும் வேண்டும். இரண்டையும் மிச்சம் பிடிக்க இந்த ரசாயனத்தைச் சிட்டிகை சேர்ப்பார்கள். மாவு இறுகிப் பிடிக்கும். ரொட்டி உயரமாக, வெள்ளையாக எழும்பும். அடுப்பின் சூடும் நேரமும் சரியாக இருந்தால் அது பெரும்பாலும் வேறு பொருளாக மாறிவிடும் என்பது தயாரிப்பாளரின் சமாதானம். சூடு குறைந்தாலோ அளவு மிஞ்சினாலோ ரொட்டியிலேயே தங்கிவிடும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1999-ல் இதை வகைப்படுத்தியது. பிரிட்டன் அதற்கு முன்பே, 1990-ல், தடை செய்துவிட்டது. நம் நாட்டிலோ அனுமதிப் பட்டியலில் சௌக்கியமாக உட்கார்ந்திருந்தது.

2016 மே மாதம் டில்லியிலுள்ள விஞ்ஞான, சுற்றுச்சூழல் மையம் அந்நகரில் வாங்கிய 38 மாதிரிகளைச் சோதித்தது. பிரெட், பன், பாவ் எல்லாம் அதில் அடக்கம். 32 மாதிரிகளில் புரோமேட்டோ அயோடேட்டோ இருந்தது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. மறுமாதமே புரோமேட்டுக்குத் தடை வந்தது. பல ஆண்டுகள் அசையாத கை சில வாரங்களில் அசைந்தது! தடைக்குப் பிறகு ரொட்டி கிடைக்காமல் போய்விட்டதா? இல்லையே. அந்த வேலையை அஸ்கார்பிக் அமிலமும் என்சைம்களும் செய்கின்றன. முன்பே செய்திருக்கலாம்.

எண் போட்ட பொருள் எல்லாம் விஷம் என்று நான் சொல்லவில்லை. அஸ்கார்பிக் அமிலம் என்பது வைட்டமின் 'சி'தான். அதன் எண் 300. 282 என்ற கால்சியம் புரோபியோனேட் இல்லாவிட்டால் மும்பை மழைக்காலத்தில் பிரெட் இரண்டு நாளில் பூசணம் பூத்துவிடும். பூசணம் பிடித்த ரொட்டியைத் தின்பதைவிட அது மேல். சிறு பேக்கரிக்காரரை மட்டும் திட்டுவதிலும் நியாயமில்லை. மாவும் விறகும் வாடகையும் ஏறினாலும் பாவ் விலையில் ஒரு ரூபாய் ஏற்றினால் நாம்தானே சண்டைக்குப் போகிறோம்? மலிவாகச் செய்வது குற்றமல்ல. மலிவான சரக்குக்கு வெண்ணெய் என்று பெயர் சூட்டுவதும், தடை செய்த பொருளை மறைவாகச் சேர்ப்பதுமே குற்றம்.

இதில் நம்மவருக்கு இன்னொரு தடையும் உண்டு. பாக்கெட்டின் மேல் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் தமிழ்த் தொழிலாளிகளில் பலருக்கு இரண்டுமே தகராறு. பேசத் தெரிந்த இந்தி படிக்க உதவாது. முன்பக்கத்துப் படம் எல்லா மொழியிலும் பேசுகிறது. பின்பக்கத்து உண்மை இரண்டு மொழியில் மட்டும் முணுமுணுக்கிறது. ஆபீஸ் உத்தியோகத்தில் இருக்கும் வாசகர்கள் இங்கே ஓர் உபகாரம் செய்யலாம். மணியார்டர் பாரமும் பாங்கு விண்ணப்பமும் எழுதிக் கொடுத்தவர்கள்தாம் நீங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிஸ்கட் பாக்கெட்டையும் ஒரு தடவை படித்துச் சொல்லுங்கள்.

பாக்கெட்டே இல்லாத பாவையும் காரியையும் எப்படிப் படிப்பது? அதற்கும் வழி இருக்கிறது. சிறு பேக்கரி ஆனாலும் உணவுத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருந்தாக வேண்டும். கேட்டால் காட்ட வேண்டும். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு, வாங்குகிறவரே பண்டத்தை உணவுப் பகுப்பாய்வாளரிடம் கட்டணம் கட்டிச் சோதிக்கச் செய்யலாம் என்கிறது. சோதனைக்காக வாங்குவதாக வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். சரக்கு சட்டத்துக்கு மாறானது என்று அறிக்கை வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். தினக்கூலிக்காரர் ஒருவர் தனியே அந்தப் பணத்தைக் கட்டுவது சிரமம். பிள்ளையார் சதுர்த்திக்கு வீட்டுக்கு வீடு வசூல் செய்கிற ஒரு சாலுக்கு அது சிரமமே இல்லை.